கதவில்லாத சாவியும் ஒரு படிக எல்லையும்

1

போன கிழமை, என் சட்டைப்பையில் கிடந்த ஒரு சாவியால் எங்கள் ஆய்வுகூடத்தில் ஒரு முழுநாள் வேலை கெட்டது. கல்முனைக்குடியில் கடற்கரைப் பக்கம் இருந்த ஒரு வீட்டின் முன்கதவுச் சாவி அது. இப்போது அந்தக் கதவும் இல்லை, வீடும் இல்லை. சுனாமி வந்து இந்த மார்கழியோடு ஐந்து வருடமாகிறது. நடந்ததை ஊரில் உள்ளவர்களுக்கு எழுத வேண்டும் என்று தோன்றியது. எழுதுவதென்றால் சுவீடனில் நான் என்ன வேலை செய்கிறேன் என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். இத்தனை வருடமாக அதைத் தட்டிக் கழித்தே வந்திருக்கிறேன்.

யாராவது கேட்டால், "கரண்ட் அளக்கிற வேலை" என்று சொல்லி முடித்துவிடுவேன். அதோடு என்னை விடாதவர் தவராசா ஒருவர்தான். அக்கரைப்பற்றுக்குப் பக்கத்தில் ஆலையடிவேம்பு அவருடைய ஊர். இங்கே எங்கள் தெருமுனையில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறார்.

"கரண்ட் எப்பிடிப் போகுதெண்டு பாக்கவா காக்கா இவ்வளவு தூரம் வந்தீங்க? ஊரில ஒரு நாளைக்கு எத்தினை தரம் போகுதெண்டு சும்மா இருந்தே பாக்கலாமே" என்பார். முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கத்தில் காக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். நானும் சிரித்துவிட்டு அரிசியைத் தூக்கிக்கொண்டு வருவேன்.

இனிச் சரியாகச் சொல்லிப் பார்க்கிறேன். செம்புக் கம்பியில் மின்சாரம் ஓடினால் கம்பி சுடும். அந்தச் சூடெல்லாம் வீண். மீகடத்தி என்ற பொருளை நன்றாகக் குளிராக்கினால் மின்சாரம் அதில் ஒரு துளி வீணில்லாமல் ஓடும். நாங்கள் வைத்து வேலை செய்வது பீங்கான் வகையைச் சேர்ந்த ஒரு கறுப்புப் பொருள். திரவ நைதரசனில் அமிழ்த்தினால் போதும், மீகடத்தியாகிவிடும். பழைய வகைகளுக்கு இதைவிடக் கடுங்குளிர் வேண்டும் என்பதால் இதற்கு உயர் வெப்பநிலை மீகடத்தி என்று பெயர். கை பட்டால் தோல் உரிகிற குளிருக்கு இப்படிப் பெயர் வைத்தவர்களை என்னவென்று சொல்வது.

இதில் ஒரு வில்லங்கம் உண்டு. ஒரு படிகத்துக்குள், அணுக்கள் ஒழுங்காக அடுக்கியிருக்கும் இடத்தில், மின்சாரம் சுகமாக ஓடும். பக்கத்துப் படிகத்தின் அடுக்கு வேறு பக்கம் திரும்பியிருந்தால் இரண்டும் சேரும் எல்லையில் அது தடுமாறும். வயல் செய்கிறவர்களுக்கு இப்படிச் சொன்னால் விளங்கும். இரண்டு வயலுக்கு நடுவே வரம்பு, வரம்பிலே ஒரு வக்கடை. மேல்வயலில் எவ்வளவு தண்ணீர் நின்றாலும் கீழ்வயலுக்குப் போவது வக்கடை விடுகிற அளவுதான். படிகங்கள் கொஞ்சமாகத் திரும்பியிருந்தால் வக்கடை அகலமாக இருக்கும். கோணம் கூடினால் அது மெல்ல மெல்லக் குறையாது, மடமடவென்று ஒடுங்கிவிடும்.

கம்பி செய்கிறவர்களுக்கு இந்த எல்லை எதிரி. நாங்களோ அதை வேண்டுமென்றே உண்டாக்குகிறோம். இரண்டு படிகங்களைக் கோணம் பார்த்துச் சேர்த்த ஒரு தட்டின் மேல் மீகடத்தியை மெல்லிய படலமாகப் படிய வைத்தால், தட்டில் உள்ள எல்லை படலத்திலும் வரும். அதன் குறுக்கே மயிரிழையிலும் ஒடுக்கமான ஒரு பாலம் வெட்டி, மின்சாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவோம். ஓர் அளவு வரைக்கும் மின்னழுத்தம் பூச்சியம், நடுவில் எல்லை ஒன்று இருப்பதே தெரியாது. அளவைத் தாண்டினால் அழுத்தம் எழும்பும். திரையில் கோடு முதலில் தரையோடு படுத்துக் கிடந்து, பிறகு வளைந்து மேலே போகும். எந்த இடத்தில் எழும்புகிறது என்று பார்ப்பதுதான் என் உத்தியோகம்.

பலவீனமான ஒன்றை ஏன் மினக்கெட்டுச் செய்ய வேண்டும் என்று கேட்பீர்கள். உணர்ச்சி அந்தப் பலவீனமான இடத்தில்தான் இருக்கிறது. மனித இதயம் துடிக்கும்போது எழுகிற, ஊசிமுனை அளவும் இல்லாத காந்தப்புலத்தை உணரும் கருவிகளை இந்த எல்லையை வைத்துத்தான் செய்கிறார்கள். பக்கத்தில் காந்தப்புலம் மாறினால் எல்லை தாங்கும் மின்சாரமும் மாறும்.

எங்களிடம் இப்படி எல்லை போட்ட பழைய துண்டு ஒன்று இருக்கிறது. என்னோடு வேலை செய்யும் இங்கிரிட்டும் நானும் சுனாமிக்கு முந்திய கிழமை செய்தது. ஈரம் பட்டால் இந்தப் பொருள் கெட்டுவிடும், எல்லைதான் முதலில் கெடும். அதனால் உலர்மருந்து போட்ட போத்தலில் மூடி வைத்திருக்கிறோம். எவ்வளவு காலம் தாங்குகிறது என்று ஒவ்வொரு மார்கழியும், விடுமுறைக்கு முன், அதை எடுத்து அளப்போம். வருடா வருடம் கொஞ்சம் குறையும், ஆனாலும் தாங்கும். எனக்கு அது வேலையா வேறெதுவுமா என்று இங்கிரிட் ஒருநாளும் கேட்டதில்லை.

2

அளக்கிற நாள் நெருங்கிக்கொண்டிருந்தபோது, என் மனைவி பளீலாவின் தங்கை ஜெஸீமா கல்முனையிலிருந்து தொலைபேசி எடுத்தாள். அவளுடைய மகள் ரிப்காவுக்கு மாப்பிள்ளை பேசியிருக்கிறார்கள்.

"நல்ல ஆக்கள்தான் மச்சான். பேராசை இல்லாத சனம். ஆனா ஊடு இல்லாம எப்பிடிக் காவின் எழுதுற? நோன்புக்கு முந்தி அத்திவாரமாவது போடணும் எண்டு செல்றாங்க."

வெளியூர் வாசகருக்கு ஒரு வார்த்தை. காவின் என்றால் கலியாணப் பதிவு. எங்கள் கரையில் வீடு பெண்பிள்ளைக்கு. ஆண் கலியாணம் முடித்துப் பெண்டாட்டி வீட்டுக்குப் போவான். பெண் பிறந்த நாளிலிருந்தே தாயும் தகப்பனும் கல்லும் மண்ணும் சேர்க்கத் தொடங்கிவிடுவார்கள். என் மாமி தன் கடற்கரை வளவில் பளீலாவுக்கு ஒரு வீடு கட்டித்தான் என்னை மாப்பிள்ளை எடுத்தார். அதே வளவில் ஜெஸீமாவுக்கும் கட்டத் தொடங்கியிருந்தார்கள். பாதியில், அவளுடைய பங்கைப் பிரித்து எழுதுமுன்னே, மாமா கண்மூடி வபாத்தானார். கூரை மட்டும் போட்டுக்கொண்டு ஜெஸீமா குடும்பம் அதிலேயே இருந்தது.

தொண்ணூறில் தமிழ்-முஸ்லிம் கலவரத்தில் ஊர் கெட்டதற்குப் பிறகு நாங்கள் சுவீடனுக்கு வெளிக்கிட்டோம். எங்கள் மகள் நுஸ்ரா அப்போது கைக்குழந்தை. வீட்டை மாமி பார்த்துக்கொள்வதென்று ஏற்பாடு. பளீலா முன்கதவுச் சாவி ஒன்றைக் கையோடு கொண்டு வந்தாள். "இது என்ட ஊடு, மறுகா நுஸ்ராட ஊடு" என்று விமானத்தில் சொன்னது நினைவிருக்கிறது.

சுனாமி வந்த ஞாயிற்றுக்கிழமை ஜெஸீமா குடும்பம் சம்மாந்துறையில் ஒரு கலியாண வீட்டுக்குப் போயிருந்தது. மாமிக்கு முழங்கால் வருத்தம், போகவில்லை. கடல் இரண்டு வீட்டையும் கொண்டுபோனது, மாமியையும் கொண்டுபோனது. அவருடைய மையித்தைக் கண்டெடுத்துக் கொண்டுவந்தவர்கள் பாண்டிருப்பு மீன்பிடிக்காரர்கள். அவர்களும் தங்களுடைய ஆட்களைத் தேடிக்கொண்டிருந்த தமிழ்ச் சனம். நான் போய்ச் சேர்ந்தபோது வளவில் கிணற்றுக் கட்டு மட்டும் நின்றது. அந்தக் கிணற்றுக்குள் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

பிறகு கடலோரத்தில் கட்டக் கூடாது என்றார்கள். பிறகு கட்டலாம் என்றார்கள். இடையில் யுத்தம் இன்னொரு தரம் மூண்டு, இந்த வைகாசியில் முடிந்தது. இவ்வளவு காலமும் ஜெஸீமா இருப்பது புருஷனின் தங்கை வீட்டில். எங்கள் ஊரில் ஒரு பெண்ணுக்கு இதைவிடத் தலைகுனிவு இல்லை. அடுப்பைக்கூடக் கேட்டுத்தான் மூட்ட வேண்டும். ஜெஸீமா அதைப் பற்றி ஒருநாளும் முறைப்பட்டதில்லை. அதனாலேயே அவளோடு பேசி முடித்தால் எனக்குக் களைப்பாக வரும்.

பளீலா தொலைபேசியை என்னிடமிருந்து வாங்கினாள். "உம்மாட வளவு சும்மா பத்தை பத்திக் கிடக்கி. அதுல கட்டு. நாங்க என்ன அங்க வந்தா இரிக்கப் போறம்?"

அந்தப் பக்கம் ஜெஸீமா சொன்னது எனக்கும் கேட்டது.

"அது நுஸ்ராட பங்கு ராத்தா. குமர்ப் புள்ளைட ஊட்ட நான் எப்பிடி எடுக்கிற? உங்க ரெண்டு பேர்ட வாயாலயும் எனக்கு வாணாம். அவ செல்லட்டும்."

காணி உறுதியில் வளவு முழுவதும் பளீலாவின் பெயரில்தான் இருக்கிறது. அவள் கையெழுத்து வைத்தால் சட்டப்படி வேலை முடிந்தது. ஆனால் எங்கள் ஊரில் மகளின் வீட்டை மகளின் வாய்ச்சொல் இல்லாமல் இன்னொருத்திக்கு மாற்றுகிற தாயை யாரும் மதிக்க மாட்டார்கள். நுஸ்ரா மாட்டேன் என்றால் ரிப்காவின் கலியாணம் நின்றுவிடும். சரி என்றால் ஊரில் எங்களுக்கு இருந்த கடைசிப் பிடிமானமும் போய்விடும். எந்தப் பதில் வந்தாலும் அதைத் தாங்க எங்கள் இருவருக்கும் தெம்பில்லை.

3

இந்த நாட்டில் எங்கள் வீட்டு ஆட்களுக்குக் குடும்பப் பெயர் ஒன்றில்லை. எனக்கு என் வாப்பாவின் பெயர், பளீலாவுக்கு அவளுடைய வாப்பாவின் பெயர், நுஸ்ராவுக்கு என்னுடைய பெயர். எந்த அலுவலகத்துக்குப் போனாலும் முதலில் இந்தப் பஞ்சாயத்துத்தான். பளீலாவுக்குப் பதிலாக ஊரில் ஒருவர் கையெழுத்து வைக்க அற்றோணித் தத்துவம் எழுத என்ன வேண்டும் என்று விசாரிக்கப் போன இடத்திலும், நீங்கள் மூவரும் உண்மையில் ஒரே குடும்பமா என்று ஒரு பெண் சிரித்த முகத்தோடு கேட்டாள். ஓம் என்றேன். வெளியே வந்து டிராமுக்குக் காத்திருக்கும்போது, ஒரே குடும்பமாக நாங்கள் கடைசியாக இருந்தது எப்போது என்று யோசித்தேன். கூதலுக்குள் நின்று யோசிக்கிற விஷயம் இல்லை அது.

நுஸ்ரா பல்கலைக்கழகத்தில் முதலாம் வருடம். கட்டடக்கலை படிக்கிறாள். நாங்கள் தமிழில் கேட்போம், அவள் சுவீடிய மொழியில் பதில் சொல்வாள். சாப்பிட்டதும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தி, காதில் மாட்டிக்கொண்டு கணினியில் யாரோடோ மணிக்கணக்கில் கதைப்பாள். சிரிப்புச் சத்தம் கேட்கும். நாங்கள் கதவைத் திறந்தால் சிரிப்பு நின்றுவிடும். இங்கத்துக் கூட்டாளிகள் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

ஜெஸீமா பேசிய அன்று இரவுச் சாப்பாட்டில் பளீலா தொடங்கினாள். "மகள், உனக்கு ஒரு விஷயம் செல்லணும். எங்கட ஊடு இரிந்திச்சே..." என்றவள் நேரே மாமியிடம் போய்விட்டாள். மாமியின் முழங்கால், கடல் வருவதற்கு முதல்நாள் மாமி தொலைபேசியில் சொன்ன கடைசிச் சொல், கிணறு, மையித்து. சொல்லச் சொல்லக் கண் நிறைந்தது. நான் வழக்கம்போலச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நுஸ்ரா கரண்டியை வைத்தாள். "எப்போதும் இப்படித்தான்" என்று சுவீடிய மொழியில் சொல்லிவிட்டு எழும்பிப் போனாள். கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

"பாத்தீங்களா? அவளுக்கு ஒண்டுமே இல்ல" என்றாள் பளீலா. "அவளுக்கு அது அறுந்து போச்சி."

எனக்கும் அப்படித்தான் பட்டது. பிள்ளையைக் கூதல் நாட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள் நாங்கள். அவள் கூதல் நாட்டுப் பிள்ளையாக வளர்ந்தது அவளுடைய பிழை இல்லை. இருந்தாலும் அன்றைக்கு நெஞ்சு நொந்தது.

4

மற்ற நாள் தவராசாவின் கடைக்குப் போனேன். யுத்தம் முடிந்த பிறகு முதல் தடவையாக ஊருக்குப் போக அவர் விமானச் சீட்டு எடுத்திருந்தார். அம்மாவைப் பார்க்க வேண்டும் என்றார். அவருடைய தம்பியைப் பற்றி அவர் கதைப்பதில்லை, நானும் கேட்பதில்லை. ஊரில் இருந்த காலத்தில் அவருடைய தெருவுக்குள் நான் கால் வைத்ததில்லை, அவரும் எங்கள் பக்கம் வந்திருக்க மாட்டார். கெட்ட வருடங்கள் அவை. இங்கே பருப்பும் மாசிக் கருவாடும் வாங்கப் போய்த்தான் சிநேகிதமானோம்.

"இப்ப ரோட்டில மறிக்கிறது குறைவாம் காக்கா. மட்டக்களப்பில இருந்து நேரா வரலாமாம்" என்றார். சந்தோஷமான செய்தியைச் சந்தோஷமில்லாத குரலில் சொன்னார். "என்னவும் குடுத்துவிடப் போறீங்களெண்டா தாங்க. கல்முனையில இறங்கிக் குடுத்திட்டுப் போறன்."

வீட்டில் வந்து அதைச் சொன்னேன். எங்கள் குசினிச் சுவரில், கத்திகள் ஒட்டி நிற்பதற்கு ஒரு காந்தச் சட்டம் உண்டு. இங்கே எல்லா வீட்டிலும் இருக்கும். கறிக்கத்திக்கும் பாண் கத்திக்கும் நடுவில் அந்தச் சாவியும் இத்தனை வருடமாக ஒட்டிக்கொண்டிருந்தது. பழைய காலத்து இரும்புச் சாவி, என் நடுவிரல் நீளம் இருக்கும். மறுநாள் காலையில் அதை எடுத்துத் துடைத்து என் சட்டைப்பையில் போட்டாள்.

"இத ஜெஸீமாக்கு அனுப்பிடுங்க. சாவியக் குடுத்தா குடுத்ததுதானே. இவள்ட வாயப் பாத்துக்கிட்டு இரிக்கேலா."

பிள்ளையைக் கேட்காமல் முடிக்கிற வழி அது. எனக்கு அது பிடிக்கவில்லை, ஆனால் வாதாடவும் உடம்பில் சத்தில்லை. வேலை முடிந்து போகும்போது தவராசாவிடம் கொடுப்பதென்று முடிவாயிற்று.

5

அன்றுதான் பழைய துண்டை அளக்கிற நாள். எங்கள் அளவு அறைக்கு வெளியே ஒரு தட்டு உண்டு. உள்ளே போகுமுன் தொலைபேசி, இடுப்புப்பட்டி, சாவிக்கொத்து எல்லாவற்றையும் அதில் போட வேண்டும். இரும்பு, காந்தம் எதுவும் உள்ளே வரக் கூடாது.

"சாவி எல்லாம் போட்டாச்சா?" என்று இங்கிரிட் கேட்டாள். ஒவ்வொரு தடவையும் கேட்பாள்.

"போட்டாச்சு" என்றேன். பொய் சொல்லவில்லை. வீட்டுச் சாவி, அலுவலகச் சாவி, சைக்கிள் சாவி எல்லாம் தட்டில் கிடந்தன. திறக்க ஒரு கதவும் இல்லாத ஒன்றைச் சாவி என்று என் மனம் எடுக்கவே இல்லை.

துண்டை நீளக் கோலின் நுனியில் பொருத்தி, நைதரசன் நிறைந்த குடுவையின் வாயருகே குனிந்து நின்று, மெல்ல மெல்ல உள்ளே இறக்கினேன். அவசரப்பட்டால் படலம் வெடிக்கும். வெண்புகை முகத்தில் அடித்தது. பிறகு மின்சாரத்தைக் கூட்டத் தொடங்கினோம்.

கோடு எழும்ப வேண்டிய இடத்துக்கு வெகு முன்னமே எழும்பிவிட்டது. போன வருடம் தாங்கியதில் பாதிகூட இல்லை. இன்னொரு தரம் அளந்தோம். அதேதான்.

"செத்துவிட்டது" என்றாள் இங்கிரிட், இரக்கமான குரலில். "ஈரம் போயிருக்கும். ஐந்து வருடம் இருந்ததே பெரிய காரியம். இதை எறிந்துவிட்டுப் புதிது ஒன்று தொடங்குவோம்."

நான் கதிரையில் இருந்துவிட்டேன். ஒரு கறுப்புத் துண்டுக்காக ஒரு மனிதன் அழக் கூடாது. எனக்கு அழுகை வந்தது, அழவில்லை. எல்லாம் ஒரே கிழமையில் அறுந்து போவதென்று எழுதியிருக்கிறதாக்கும் என்று நினைத்தேன்.

திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தபோது ஒன்று உறுத்தியது. மின்சாரத்தை ஒரு பக்கமாக விட்டால் ஓர் அளவு, மறுபக்கமாக விட்டால் வேறோர் அளவு. ஈரத்தால் கெட்டதென்றால் இரண்டு பக்கமும் ஒரேமாதிரித்தான் குறைந்திருக்க வேண்டும். இதை இங்கிரிட்டிடம் சொல்ல எழும்பிக் குடுவைப் பக்கம் குனிந்தேன். சட்டைப்பையிலிருந்து சாவி நழுவி, குடுவையின் விளிம்பில் பட்டு, ணங் என்று தரையில் விழுந்தது.

இங்கிரிட் சாவியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். புலம் அளக்கும் சிறு கருவியை எடுத்துச் சாவிக்குப் பக்கத்தில் பிடித்தாள். முள் துள்ளியது. கத்திச் சட்டத்தின் காந்தம் இவ்வளவு வருடமும் அந்த இரும்புக்குள் ஏறியிருக்கிறது.

"இது என்ன சாவி?"

"ஒரு பழைய வீட்டுடையது."

அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. சாவியை வெளியே தட்டில் கொண்டுபோய்ப் போட்டேன். போட்டதால் மட்டும் சரியாகிவிடாது. இந்தப் பொருளின் குணம் அப்படி. குளிர்ந்து மீகடத்தியாகிற நேரத்தில் பக்கத்தில் என்ன புலம் இருக்கிறதோ, அது உள்ளே பிடிபட்டுவிடும். பிறகு காந்தத்தைக் கடலில் எறிந்தாலும் பிடிபட்டது பிடிபட்டதுதான். ஒரேயொரு வழி, துண்டை வெளியே எடுத்து, குளிர் முழுதாக விட்டுப் போகும்வரை வைத்திருந்து, பக்கத்தில் ஒன்றும் இல்லாமல் மறுபடி இறக்குவது. ஈரம் பிடிக்காமல் உலர்ந்த காற்றில் அதைச் சூடேற விட்டோம். காத்திருந்த நேரத்தில் இங்கிரிட் கோப்பி ஊற்றித் தந்தாள்.

இரண்டாம் முறை இறக்கியபோது கோடு நீளமாகத் தரையோடு கிடந்தது. எழும்ப வேண்டிய இடத்தில் எழும்பியது. போன வருடத்துக்கும் இந்த வருடத்துக்கும் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. துண்டுக்கு ஒன்றும் நடக்கவில்லை.

"உன்னால் ஒரு நாள் போயிற்று" என்று சொல்லி இங்கிரிட் என் தோளில் தட்டினாள்.

6

வேலை பிந்திவிட்டதால் தவராசாவின் கடை பூட்டியிருந்தது. சாவியோடுதான் வீட்டுக்குப் போனேன். பளீலா முதியோர் இல்லத்துக் குசினியில் வேலை செய்கிறாள், அன்றைக்குப் பின்னேர முறை. நுஸ்ரா மட்டும் மேசையில் இருந்து பாணுக்கு வெண்ணெய் பூசிக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்து என்ன என்றாள்.

சாவியை மேசையில் வைத்து நடந்ததைச் சொன்னேன். ஊரைப் பற்றிச் சொல்கிறேன் என்ற எண்ணமே எனக்கு இல்லை. வேலையில் நடந்த கூத்தாகத்தான் சொன்னேன். தட்டில் மூன்று சாவி போட்டுவிட்டு நாலாவதை நெஞ்சில் வைத்துக்கொண்டு நின்றதைச் சொன்னபோது அவள் சிரிக்கத் தொடங்கினாள்.

"அல்லாஹ்வே! இந்தச் சாவியையா லெப்புக்குள்ள கொண்டு போன? உங்களுக்குச் சரியான விசர் வாப்பா."

அது பளீலாவின் தமிழும் இல்லை, என்னுடையதும் இல்லை. கல்முனையில் இப்போது இருக்கிற இளம்பிள்ளைகளின் இழுவை அது.

"இப்பிடிக் கதைக்க எங்க பழகின?"

"ரிப்காக்கிட்டதான். வேற யாரிட்ட?" என்று அவள் சாதாரணமாகச் சொன்னாள். "நாங்க எப்பயும் கதைக்கிறதானே."

சாத்திய கதவுக்குப் பின்னால் கேட்ட சிரிப்பு எனக்கு அப்போதுதான் விளங்கியது. மெதுவாகக் கேட்டேன். "அப்ப ரிப்காட கலியாணம்..."

"தெரியும். எனக்கு முதல்லயே செல்லிட்டா. வளவுல கட்டு எண்டு நானும் செல்லிட்டன். பிளான் கீறுறது நான்தான். ஒரு அறை எனக்கு. நான் வாற நேரம் படுக்க." அவளுக்குக் குரல் ஏறியது. "கடல் பக்கம் யன்னல் வாணாம் எண்டு அவ நிக்கிறா. எனக்கு வேணும். அதுலதான் ரெண்டு கிழமையாச் சண்டை."

"இத ஏன் எங்களுக்குச் செல்லல்ல?"

அவள் பாணைக் கீழே வைத்தாள். "பெரியாக்கள் கேக்கிற வரைக்கும் நாங்க வாய் திறக்கப்படாதாம். ரிப்கா செல்றா அதுதான் முறையாம். அதனால நீங்க கேப்பீங்க, கேப்பீங்க எண்டு பாத்துக்கிட்டே இரிந்தன். அண்டைக்கு உம்மா தொடங்கின நேரம், சரி இப்ப கேக்கப் போறா எண்டு நினைச்சன். நீங்க ரெண்டு பேரும் கேக்கவே இல்ல வாப்பா. உம்மா அழுதா. நீங்க சுவரப் பாத்தீங்க."

நுஸ்ரா மேசையில் கிடந்த சாவியை விரலால் தள்ளினாள்.

"ஊரெண்டு நீங்க வாய் திறந்தா இந்த ஊடு மையித்து ஊடு மாதிரி ஆயிடும். எனக்கு அதுக்குள்ள இரிக்க ஏலாது. உம்மம்மாவ எனக்கும் விருப்பம்தான். ஆனா நானும் ரிப்காவும் கதைக்கிறது கட்டப் போற ஊட்டப் பத்தி."

சின்ன வயதில் அவள் அழுதால் தூக்கி வைத்துக்கொள்வேன். இப்போது அழப் பார்த்தது நான். இத்தனை வருடமும் அவளுக்குப் பக்கத்தில் ஊரைக் கொண்டுபோன போதெல்லாம் இந்த இரும்பையும் நெஞ்சில் வைத்துக்கொண்டே போயிருக்கிறேன். பிறகு அவளில் ஒன்றும் மிச்சமில்லை என்று நானும் பளீலாவும் தீர்ப்புச் சொல்லிக்கொண்டோம்.

"சரி" என்றேன். "இப்ப கேக்கிறன் மகள். வளவ ரிப்காக்குக் குடுப்பமா?"

"ஓம் வாப்பா" என்றாள். "குடுப்பம்."

பளீலா வந்து சப்பாத்தைக் கழற்றுவதற்குள் நுஸ்ரா ஊருக்குத் தொலைபேசி எடுத்துவிட்டாள். அங்கே சுபஹுத் தொழுகைக்கு இன்னும் நேரமிருந்தது. தூக்கக் கலக்கத்தில் எடுத்த ஜெஸீமாவிடம், "சாச்சி, வளவ எடுங்க. நான் செல்றன்" என்றாள். அந்தப் பக்கம் அழுகை கேட்டது. இந்தப் பக்கம் பளீலா கோட்டைக் கழற்றாமலே நின்று அழுதாள். நுஸ்ரா இந்த முறை எழும்பிப் போகவில்லை. தாயின் கையைப் பிடித்துக்கொண்டு, யன்னலைப் பற்றிச் சாச்சியிடம் ரிப்கா மேல் கோள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

எல்லாம் அடங்கிய பிறகு பளீலா சாவியைக் கையில் எடுத்தாள். "இத இனித் தவராசாக்கிட்டக் குடுக்கிறதா, வாணாமா?"

"வாணாம் உம்மா" என்றாள் நுஸ்ரா. "புதுக் கதவுக்குப் புதுப் பூட்டு வாங்குவாங்க. இது இஞ்சயே கிடக்கட்டும். வாப்பா வேலைக்குக் கொண்டு போகாட்டிப் போதும்."